இரண்டு பேர் விட்ட இடம்

"முட்டிக்கு எவ்வளவு இடம் விடணும்னு நீங்க சொன்னா அப்படியே செஞ்சுடலாங்க."

"இல்லை, அது உங்கட விருப்பம். நீங்கள் சொல்லுங்கோ."

"ரெண்டு தலைமுடிக் கனம் போதும்னு என் கணக்கு சொல்லுது. உங்களுக்குச் சிரமம்னா..."

"எனக்கு ஒரு சிரமமும் இல்லை. ரெண்டு தலைமுடிக் கனம். சரி."

"அப்ப சரிங்க."

"ஓம். வைக்கட்டோ?"

"வச்சுடுங்க."

பதினான்கு மாதங்களுக்கு முன் தொலைபேசிக் கம்பியில் நடந்த பேச்சு இது. ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அதற்கு முன்பெல்லாம் முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர், அன்று நிச்சயதார்த்த வீட்டில் முதல் தடவை சந்தித்த சம்பந்திகளைப் போல அளந்து பேசிவிட்டு வைத்தார்கள். கோதைநாயகிக்கு அதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை.

ஆனால் அதை நினைத்துக்கொண்டிருக்க இது நேரமில்லை. அவளுக்கு எதிரே இருந்த மீட்டர் முப்பத்து மூன்றில் நின்றுகொண்டிருந்தது. நாற்பதுக்கு மேல் காட்டியிருக்க வேண்டும்.

"என்ன புள்ள, மரவட்டை எந்திரிக்க மாட்டேங்குதா?" என்று கேட்டபடி ஜமீலா பானு உள்ளே வந்தார்.

ஜமீலா அந்த நிலையத்தின் தலைவர். காயல்பட்டினத்துக்காரர். ஐம்பத்தாறு வயது. நிலவில் எடை குறைவு என்பதால் தலை முக்காடு நிற்காமல் எழும்பிக்கொண்டே இருக்கும். அதற்காக முந்தானை ஓரத்தில் சின்னச் சின்ன ஈயக் குண்டுகளைத் தைத்து வைத்திருந்தார். அவர் நடந்து வந்தால் குண்டுகள் ஒன்றோடொன்று இடித்து மெல்லச் சத்தம் போடும். ஒன்பது பேர் வசிக்கும் வெயில் நிலையத்தில் அந்தச் சத்தம் கேட்டால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

"முப்பத்து மூணுதாங்க்கா. கணக்கு நாப்பத்தொண்ணுன்னு சொல்லுது. மீட்டர் முப்பத்து மூணுன்னு சொல்லுது."

"ரெண்டுல எது பொய் சொல்லும்?"

"மீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"அப்ப உன் கணக்குத்தான்," என்று சொல்லி ஜமீலா பக்கத்தில் உட்கார்ந்தார். "எந்திரி, மூஞ்சியைக் கழுவிட்டு வா. பூமியிலேருந்து கூப்பிடுறாங்க."

பூமியில் இருக்கும் மேற்பார்வைக் குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்திருந்தார். திரையில் அவருடைய முகம் வந்தது. எதையும் அடியிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிற மனிதர்.

"அம்மா, இந்த மரவட்டைங்கிறது என்ன? எல்லாரும் அதையே சொல்றாங்க. எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க."

ஜமீலா கோதையைக் கை காட்டினார்.

"ஒரு கட்டையை எடுத்துக்குங்க சார்," என்றாள் கோதை. "அதோட ஒரு முனையை நல்லா சுட வைக்கணும். மறு முனையை நல்லா குளிர வைக்கணும். சரியான பொருள்ல செஞ்ச கட்டையா இருந்தா அதுல மின்சாரம் ஓடும். சக்கரம் கிடையாது, எண்ணெய் கிடையாது, சத்தம் கிடையாது. சூட்டுக்கும் குளிருக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு மின்சாரம். நாங்க இருக்கிற மலை உச்சியில கிட்டத்தட்ட வருசம் பூரா வெயில். கீழே இருக்கிற பள்ளத்துல என்னைக்குமே வெயில் பட்டதில்ல. இங்க கண்ணாடி வச்சு வெயிலைக் குவிச்சு ஒரு பெரிய பாறைக் கிடங்கைச் சுட வைக்கிறோம். அங்க குளிர் சும்மா கிடைக்குது. ரெண்டுக்கும் நடுவுல, வெயிலும் நிழலும் பிரியுற கோட்டுல, வேலி மாதிரி அந்தக் கட்டைகளை நிறுத்தியிருக்கோம். நாலாயிரத்து அறுநூறு. அதை நாங்க கால்னு சொல்லுவோம். அவ்வளவு கால் இருக்கிறதால மரவட்டை."

அவள் சொன்னது பூமிக்குப் போய் அவருடைய தலையசைப்பு திரும்பி வர மூன்று விநாடி ஆனது.

"அந்தக் கால்ல என்ன கோளாறு?"

"ஒவ்வொரு காலும் ரெண்டு துண்டு சார். மேல்கால் சூடு தாங்கும், அது எங்க உலையில செய்யிறது. கீழ்க்கால் குளிர்ல நல்லா வேலை செய்யும், அது நிழல் நிலையத்துல செய்யிறது. ரெண்டும் சேர்ற இடத்தை முட்டின்னு சொல்லுவோம். அங்க ஒரு பசை போட்டு ஒட்டியிருக்கு. கோளாறு எங்கேன்னு இன்னும் தெரியல."

"முட்டி வலின்னு வச்சுக்குங்க," என்றார் ஜமீலா.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததைச் சொன்னார். இன்னும் நாற்பத்தொரு நாளில் சூரியன் எதிர் மலைக்குப் பின்னால் போகும். வருடத்துக்கு ஒரு தடவை பதினோரு நாள் இப்படி மறையும். அந்தப் பதினோரு நாளும் கிடங்கில் சேர்த்த சூட்டை மட்டும் வைத்துக்கொண்டு மரவட்டை நாற்பது கிலோவாட் கொடுத்தாக வேண்டும். இரண்டு நிலையங்களும் உயிரோடு இருக்க முப்பத்தைந்து. மீதி ஐந்து, மேலும் கீழும் ஆட்களை ஏற்றி இறக்க. கொடுக்காவிட்டால் நிழல் நிலையத்தை மூடி, அங்கே இருக்கும் எட்டுப் பேரையும் அடுத்த கப்பலில் பூமிக்கு அழைத்துக்கொள்வது என்று குழு முடிவெடுத்திருந்தது.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் தயாபரன்.

இரண்டு நிலையங்களுக்கும் நடுவே ஒன்பது கிலோமீட்டர்தான். ஆனால் செங்குத்துச் சரிவு. நிழலுக்கென்று செய்த உடை வெயிலில் நான்கு நிமிடம் தாங்காது. வெயிலுக்கென்று செய்த உடை நிழலில் ஆறு நிமிடம் தாங்காது. ஆளில்லாத ஒரு பொதி வண்டி மட்டும் பத்து நாளைக்கு ஒரு தடவை ஊர்ந்து போய் வரும். பழநி மலையில் இருப்பது போன்ற ஒரு விஞ்ச் கட்டி, தண்டவாளமும் போட்டு ஒரு வருடமாகிறது. பெட்டி உச்சியில் சும்மா நின்றது. அதை இழுக்க மின்சாரம் இல்லை. அதனால் மேலே இருப்பவர்களும் கீழே இருப்பவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததே கிடையாது. கம்பி வழியாகப் பேசிக்கொள்வதோடு சரி.

கோதை மேல்காலுக்குப் பொறுப்பு. தயாபரன் கீழ்க்காலுக்குப் பொறுப்பு. அவள் சாத்தூர்க்காரி, நாற்பத்தோரு வயது. அவர் பருத்தித்துறைக்காரர், இரண்டு வயது மூத்தவர். வந்த புதிதில் வெப்பநிலை, தடிமன் என்று ஆரம்பித்த பேச்சு மெல்ல மெல்லச் சேவுக்கும் வடைக்கும் போனது. பொதி வண்டியில் கோதை சாத்தூர்க் காராச்சேவு அனுப்புவாள். அடுத்த தடவை அதே டப்பாவில் பருத்தித்துறை வடை வரும். வடையைக் கடித்தால் பல் உடையும் என்று அவள் சொல்வாள். உங்கட சேவில உறைப்பு மட்டும்தான் இருக்கு, மிச்சம் எங்க என்று அவர் கேட்பார். ஏழு மாதம் அப்படி ஓடியது.

பிறகு ஒரு நாள் அவர், "கோதை, நீர் இண்டைக்குச் சாப்பிட்டீரோ?" என்று கேட்டார்.

கோதை வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "என்னங்க இது, ராஜா வேசம் கட்டுன மாதிரி? அடுத்து 'நீர் எந்த நாட்டவர்'னு கேப்பீங்களா?"

அந்தப் பக்கம் சேவு டப்பாவை மூடும் சத்தம் கேட்டது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

அன்றிலிருந்து அவர் 'நீங்கள்' என்பதை விட்டு இறங்கவில்லை. முக்கால் மணி நேரப் பேச்சு பத்து நிமிடமானது. பத்து நிமிடம் ஒரு நிமிடமானது. சேவு டப்பா போனது, வடை டப்பா வந்தது. டப்பாக்கள் மட்டும் பழையபடி நட்பாக இருந்தன. என்ன தப்பு செய்தோம் என்று கோதைக்குப் புரியவில்லை. கால்கள் செய்யத் தொடங்கியது அந்தச் சமயத்தில்தான்.

நான்கு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் வெங்காயம் உரிக்கும்போது பேச்சுவாக்கில் அதை ஜமீலாவிடம் சொன்னாள். ஜமீலா கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"அடிப் பாவி மவளே. சிரிச்சியா?"

"சிரிக்காம? நாடகத்துல பேசுற மாதிரி..."

"எங்க வூட்டு மச்சான் யாழ்ப்பாணத்துல பதினெட்டு வருசம் கடை வச்சிருந்தாரு. கேளு. நமக்கு ரெண்டுதான், நீ, நீங்க. அவங்களுக்கு மூணு. 'நீ' சின்னப் பிள்ளைங்களுக்கு, கோவத்துக்கு. 'நீங்கள்' பெரியவங்களுக்கு, வெளி ஆளுக்கு. நடுவுல ஒண்ணு இருக்கு, 'நீர்'. வாரும், இரும், சாப்பிடும்னு சொல்லுவாங்க. மனசுக்குக் கிட்ட வந்த ஆளு, ஆனா மரியாதையும் குறையக் கூடாது. அப்படிப்பட்ட ஆளுக்கு. அங்க எத்தனையோ பேரு பொஞ்சாதியை அப்படித்தான் கூப்பிடுறாங்க. அந்த மனுசன் கதவைத் தட்டியிருக்காரு. நீ சிரிச்சுக்கிட்டே சாத்திட்டே."

கோதை வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் வந்ததற்கு வெங்காயம் காரணமாக இருந்தது வசதியாகப் போயிற்று.

அவளுக்கு ஒரு தடவை கல்யாணம் ஆகி, எட்டு வருடம் கழித்து முறிந்திருந்தது. அந்த வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏய்', 'இந்தா', 'உன்னத்தான்'. பொறியியலில் முதுகலை முடித்தவளை விருந்தாளிகள் முன்னால்கூட 'நீ சும்மா இரு' என்றுதான் சொல்வார்கள். வெளியே வந்த பிறகு, யாராவது 'நீ' என்றால் அவளுடைய முதுகு தானாக விறைத்துக்கொள்ளும். 'நீங்க' என்ற சொல்லை ஒரு குடையைப் போலப் பிடித்துக்கொண்டு இத்தனை வருடம் நடந்து வந்திருந்தாள். ஒருவர் பக்கத்தில் வரவும் வேண்டும், மதிக்கவும் வேண்டும் என்றால் அதற்கு ஒரு சொல் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

அந்தச் சொல்லை அவர் தானாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதைத் திரும்பக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கம்பியில் பேசுவது இரண்டு நிலையங்களிலும் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் எல்லோர் காதிலும் விழும். அதோடு, கேட்டுப் பெறுகிற காரியமா இது? பத்து மாதமாகக் குளியலறையில் தனியாகச் சொல்லிப் பார்த்தாள். கம்பியை எடுத்ததும், "வணக்கங்க, இன்னைக்கு வெப்பநிலை எப்படிங்க?" என்றுதான் வாயில் வந்தது.

இப்போது நாற்பத்தொரு நாள்தான் மிச்சம். மரவட்டை எழுந்திருக்காவிட்டால் அவர் கப்பலேறிப் போய்விடுவார்.

மறுநாள் காலையிலிருந்து கோதை கணக்கோடு உட்கார்ந்தாள். அவளுடைய கணினியில் ஒரு காலின் மாதிரி இருந்தது. எந்த இடத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு மின்சாரம், எங்கே எவ்வளவு வீணாகிறது என்று அது சொல்லும். கண்ணாடிகளில் அழுக்கு என்று வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. கிடங்கில் சூடு கசிகிறது என்று வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. பொருட்களின் குணம் மாறிவிட்டது என்று வைத்துப் பார்த்தாள். நாலு நாள் போனது. ஐந்தாம் நாள், வேறு எதுவும் மிச்சமில்லாததால், முட்டியில் பசையின் கனத்தை இரண்டு மடங்காக்கினாள்.

திரையில் எண் மாறியது. முப்பத்து மூன்று புள்ளி பூஜ்யம்.

அவள் எழுந்து நின்றாள். பசை ஏன் இரண்டு மடங்கு இருக்க வேண்டும்? கால்களைப் பொருத்தியது இயந்திரம். எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவு நிரப்பு என்றுதான் அதற்குச் சொல்லியிருந்தது. அப்படியானால் இடைவெளியே நாலு தலைமுடிக் கனம் இருந்திருக்கிறது.

பழைய அறிக்கையைத் தேடி எடுத்தாள். அவளே எழுதி, அவர் கையெழுத்திட்டது. மூன்றாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. 'முட்டிக்கான இடம் விடப்பட்டுள்ளது.'

'நான் விட்டேன்' என்று எழுதினால் பெருமையடித்துக்கொள்வது போல இருக்கும் என்று அப்படி எழுதியது நினைவுக்கு வந்தது. அந்த வரியில் இடம் இருந்தது, முட்டி இருந்தது. விட்ட ஆள் மட்டும் இல்லை.

கம்பியை எடுத்தாள்.

"ஒண்ணு கேக்கணுங்க. தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்கோ," என்றார் தயாபரன்.

"அறிக்கையில 'முட்டிக்கான இடம் விடப்பட்டுள்ளது'ன்னு ஒரு வரி இருக்கு."

"ஓம். மூண்டாம் பக்கம்."

"விட்டது யாரு?"

"நான்தானே."

கோதை கண்ணை மூடிக்கொண்டாள்.

"கீழ்க்கால்ல ரெண்டு தலைமுடி குறைச்சுச் செய்தனான்," என்றார் அவர். "உங்கட மேல்கால் உலையில வேகிற சாமான். அதைத் தேய்க்கிறது பெரிய கரைச்சல். உங்களுக்கு ஏன் அந்தக் கஷ்டம் எண்டு நானே விட்டனான். நீங்கள் எழுதின வரி என்னைப் பற்றித்தான் எண்டு நினைச்சன். ஏன், என்ன மாதிரி?"

"நானும் விட்டேங்க."

"என்ன?"

"மேல்கால்ல. ரெண்டு தலைமுடி. அந்தக் குளிர்ல நின்னு நீங்க தேய்க்கிறது கஷ்டம்னு நெனச்சு. நீங்க விட்டீங்களான்னு கேக்கலாம்னு தோணுச்சு. கேட்டா உங்க வேலையைச் சந்தேகப்படுற மாதிரி இருக்குமேன்னு..."

"எனக்கும் கேக்கத் தோணினது."

"கேட்டிருக்கலாமே."

"நீங்களும் கேட்டிருக்கலாமே."

பிறகு கம்பியில் ஒரு சத்தம் வந்தது. முதலில் கோதைக்கு அது என்னவென்றே பிடிபடவில்லை. தயாபரன் சிரித்துக்கொண்டிருந்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், மூச்சு வாங்க. பதினான்கு மாதமாகக் கேட்காத சிரிப்பு. அவளுக்கும் தொற்றிக்கொண்டது.

ஜமீலா விஷயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"மழையில கரண்டு போயிப் பாத்திருக்கேன். மரியாதையில கரண்டு போயி இப்பத்தான் பாக்குறேன். பூமிக்கு நான் என்னன்னு எழுத?"

"முட்டியில் பசை மிகுதின்னு எழுதுங்கக்கா."

"பசை இல்ல, வாய்ல கொழுக்கட்டை. ரெண்டு பேருக்கும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "சரி, இதைச் சரி பண்ண வழி இருக்கா, இல்ல அந்த நாலாயிரத்து அறுநூறையும் பிடுங்கணுமா?"

வழியைத் தயாபரன் சொன்னார். முந்நூற்றுப் பத்து பாகையில் பசை இளகும். அப்போது கீழேயிருந்து திருகை இறுக்கினால் மிகுதிப் பசை பக்கவாட்டில் பிதுங்கி வந்துவிடும். கால்களைப் பிடுங்க வேண்டாம். ஆனால் முந்நூற்று இருபத்தைந்தைத் தாண்டினால் கீழ்க்கால் வெடித்துவிடும். சூட்டை ஏற்றி இறக்கும் கண்ணாடிகள் கோதை கையில். திருகும் வெப்பமானியும் அவர் கையில். வரிசைக்கு நூறு கால் வீதம் நாற்பத்தாறு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் கிடைப்பது இருபது விநாடி.

முதல் வரிசையில் பதினோரு கால் வெடித்தது.

"கொஞ்சம் சூட்டைக் குறைக்கட்டுங்களா, இல்ல நீங்க இன்னும்..." என்று கோதை கேட்டு முடிப்பதற்குள், "இல்லை, உங்களுக்கு வசதியெண்டால்..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள், டப் டப் என்று வெடித்துவிட்டன. கையிருப்பில் மாற்றுக் கால்கள் அறுபதுதான்.

ஜமீலா கம்பியைப் பிடுங்கினார். "ரெண்டு பேரும் கேளுங்க. இன்னையிலேருந்து இந்தக் கம்பியில ஒரு தடவைக்கு ஒரே ஒரு சொல்லு. ஏத்து, இறக்கு, நிறுத்து, இறுக்கு. அவ்வளவுதான். யாராவது 'ங்க', 'ங்கோ' போட்டா அன்னைக்கு அந்த நிலையத்துப் பாத்திரம் பூரா அவங்க கழுவணும். தயாபரன் தம்பி, வெளங்குதா?"

"விளங்குதுங்கோ."

"இன்னைக்கு நீங்க கழுவுங்க."

கீழே ஏழு பேர் கைதட்டுவது கேட்டது.

இரண்டாம் வரிசை.

"ஏத்து," என்றார் தயாபரன். "ஏத்து. ஏத்து. நிறுத்து."

"இறுக்கு," என்றாள் கோதை.

"இறுக்கிறன். இறக்கு."

ஒரு கால்கூட வெடிக்கவில்லை. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று போனது. ஒன்பதாவது வரிசையில்தான் சிக்கல்.

"ஏத்து," என்றார் அவர். "ஏத்து. காணும்."

"என்ன காணோம்?" என்றாள் கோதை.

"காணும், காணும்."

"எது காணோம்? திருகா?"

"ஐயோ, போதும்."

அவள் கண்ணாடியைத் திருப்பியபோது முந்நூற்று இருபத்து நான்கு. இரண்டு நிலையங்களிலும் யாரும் மூச்சு விடவில்லை. மெல்ல இறங்கியது.

"எங்கட ஊரில 'காணும்' எண்டால் போதும் எண்டு அர்த்தம்," என்றார் தயாபரன், மூச்சு வந்த பிறகு.

"எங்க ஊர்ல காணோம்னா தொலைஞ்சு போச்சுன்னு அர்த்தம்."

"ஒரு சொல்லுன்னா ஒரு சொல்லு," என்றார் ஜமீலா. "ரெண்டு பேரும் கழுவுங்க. அப்புறம், பட்டியல்ல 'காணும்' சேத்துக்கலாம்."

ஒன்பது நாள் இப்படி ஓடியது. தினமும் ஐந்து வரிசை. காலையில் ஆரம்பிக்கும்போது இரண்டு நிலையங்களிலும் எல்லோரும் தங்கள் வேலைக்கு நடுவே காதைத் தீட்டிக்கொள்வார்கள். ஏத்து, இறக்கு, காணும், இறுக்கு. கேட்பதற்கு ஒரு பாட்டைப் போல இருக்கும். ஒரு கட்டத்தில் அவர் சொல்வதற்கு முன்பே கோதையின் கை கண்ணாடியை நிறுத்திவிடும். அவள் சொல்வதற்கு முன்பே அவருடைய திருகு இறுகத் தொடங்கும்.

கடைசி வரிசை முடிந்த அன்று ஜமீலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கவனிச்சியா? ஒம்பது நாளா அந்த மனுசன் உன்னை ஏத்து, இறக்குன்னுதான் பேசியிருக்காரு. முதுகு விறைச்சுச்சா?"

கோதை யோசித்துப் பார்த்தாள். விறைக்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவளைக் குத்தியது சொல் இல்லை, சொன்ன ஆட்கள்தான் என்று அன்று புரிந்தது.

"அப்ப இனி எதுன்னாலும் பரவாயில்லன்னு விட்டுடுவியா?" என்று கேட்டார் ஜமீலா.

"மாட்டேங்க்கா," என்றாள் கோதை. "எனக்கு அந்த நடுச் சொல்லுதான் வேணும்."

நாற்பத்தோராவது நாள் சூரியன் எதிர் மலையின் தோளில் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஒரு கீற்றாக மெலிந்து மறைந்தது. வெயில் நிலையம் இருட்டில் நின்றது. ஒன்பது பேரும் மீட்டரைச் சுற்றி நின்றார்கள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. அங்கேயே கொஞ்ச நேரம் தயங்கியது. யாரோ "ஏத்து" என்று முணுமுணுத்தார்கள். நாற்பது. நாற்பது புள்ளி ஏழு. அங்கே நின்றது.

யாரும் கத்தவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஜமீலா காராச்சேவு டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் கைநிறையக் கொடுத்தார். கம்பியில் தயாபரனின் குரல் வந்தது. "மேல, எத்தினை காட்டுது?"

"நாப்பது புள்ளி ஏழு."

"இஞ்சயும் அதுதான்."

மூன்று நாள் எண் அசையவில்லை. நான்காம் நாள், விஞ்சை ஓட்டிப் பார்க்கலாம் என்று பூமியிலிருந்து அனுமதி வந்தது. வெறும் பெட்டியை ஒரு தடவை இறக்கி ஏற்றிப் பார்த்தார்கள். மறு தடவை கீழேயிருந்து ஒரு ஆளை அனுப்பச் சொன்னார் ஜமீலா. யாரை என்று அவர்கள் கேட்கவில்லை.

ஒன்பது கிலோமீட்டர் ஏற நாற்பது நிமிடம் ஆனது. கோதை அதற்குள் மூன்று தடவை தலை வாரினாள். பிறகு எதற்கோ ஒரு ஸ்பானரைக் கையில் எடுத்தாள். அதைக் கீழே வைக்க மறந்து அப்படியே வாசலுக்கு வந்துவிட்டாள்.

கதவு திறந்தது. பணியாளர் பட்டியலில் இருந்த படம் பத்து வருடப் பழசு போலிருக்கிறது. தயாபரனுக்குக் காதோரம் நன்றாக நரைத்திருந்தது. அவள் நினைத்ததைவிட உயரம் குறைவு. ஒரு கையில் வடை டப்பா. இன்னொரு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையைத் தேடினார். வெயில் நிலையத்து ஆட்கள் எட்டுப் பேரும் மீட்டரைப் பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு நின்றார்கள். மீட்டர் இருந்தது எதிர்ச் சுவரில்.

"வணக்கம்," என்றார் தயாபரன். "நீங்கள் சுகமா இருக்கிறீங்களோ?"

பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஈயக் குண்டுகள் ஒரு தடவை சத்தமிட்டு அடங்கின.

கோதை அவருடைய முகத்தைப் பார்த்தாள். ஒன்பது நாள் ஏத்து, இறக்கு என்று சொன்ன மனிதர்தான். நேரில் வந்ததும் மறுபடி ஓர் அடி தள்ளி நிற்கிறார். அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று இடம் விடுகிறார். அவள் ஏதாவது சொல்லாவிட்டால் ஆயுசு முழுக்க அப்படியே விட்டுக்கொண்டு நிற்பார்.

"நல்லா இருக்கேன்," என்றாள். "ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் சிரிச்சது தெரியாமச் சிரிச்சது. எங்க ஊர்ல ரெண்டுதான் இருக்கு. ஒண்ணால நான் ரொம்பப் பட்டிருக்கேன். இன்னொண்ணு ரொம்பத் தள்ளி நிக்குது."

தயாபரன் சட்டைப் பையைத் தேடுவதை நிறுத்தினார்.

"நடுவுல ஒண்ணு இருக்குன்னு எனக்கு அப்புறம்தான் சொன்னாங்க. நீங்க அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னீங்க."

அவர் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்கள் மட்டும் மெல்லச் சிரிக்கத் தொடங்கின.

பத்து மாதம் குளியலறையில் சொல்லிப் பார்த்த வாக்கியம் இன்னும் பாக்கி இருந்தது. அவருடைய ஊர்ப் பேச்சில், அவர் கொடுத்த அந்த நடுச் சொல்லுக்கு ஏற்ற மாதிரியே சொல்லிப் பழகியிருந்தாள். எட்டுப் பேர் கேட்டால் கேட்கட்டும். ஸ்பானரை ஜமீலாவின் கையில் கொடுத்துவிட்டு, ஓர் அடி முன்னால் வந்தாள்.

"இனிமே என்னை 'நீர்' எண்டு கூப்பிடும்."